மரம் மண்ணாகும் மேட்டுப்பாத்தி

முன்னுரை

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், தென்னந்தோப்புகளையும் வீட்டுத் தோட்டங்களையும் ஒரே இரவில் சாய்த்துச் சென்றது. எங்கள் வீட்டுக் கொல்லையில் வாப்பா நட்டு வளர்த்த மாமரமும் அவ்விரவில் வேரோடு சாய்ந்தது. ஊரெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தமையால் விறகுக்குக்கூட அதனைக் கேட்பாரில்லை. வெட்டிக் குவித்து எரித்துவிடுமாறு அண்டை வீட்டார் கூறினர். ஊரே அதனைத்தான் செய்துகொண்டிருந்தது. எனினும் முப்பதாண்டுகளாக நிழலும் கனியும் தந்த மரத்துக்குத் தீ வைக்க உம்மாவுக்கு மனம் வரவில்லை.

இதனைக் கேட்ட தாவரவியல் துறை நண்பர் ஒருவர், “எரிக்க வேண்டா, புதைத்து, அதன்மேல் காய்கறி பயிரிடுங்கள். ஜெர்மானியர் அவ்வாறு செய்வதுண்டு” என்றார். அம்முறை யாது, அது எவ்வாறு இயங்குகிறது, நம் மண்ணுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பிறப்பும்

இம்முறை ஜெர்மன் மொழியில் ‘ஹ்யூகல்குல்ட்டூர்’ எனப்படும். ‘ஹ்யூகல்’ என்பது சிறு குன்றினைக் குறிக்கும். ‘குல்ட்டூர்’ என்னும் சொல்லுக்குப் பயிர் செய்தல், பண்பாடு ஆகிய இரு பொருள்களும் உண்டு. நிலத்தைப் பண்படுத்துவதையும் மனத்தின் பண்பாட்டையும் தமிழும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வழங்குகின்றமை ஈண்டு நினைக்கத்தக்கது. எனவே இம்முறையை ‘மேட்டுப்பாத்தி’ என நாம் குறிக்கலாம்.

ஹெர்மன் ஆண்ட்ரே என்பவர் 1962இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சிறு தோட்டக்கலை நூலில் இம்முறை முதன்முதலாக எழுத்து வடிவம் பெற்றது. தம் பாட்டியாரின் தோட்டத்து மூலையில் கழித்துப் போட்ட கிளைகளும் சுள்ளிகளும் குவிந்துகிடந்த இடத்தில், வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பலவகைச் செடிகள் தாமாகவே செழித்திருந்ததை அவர் கண்டார். சமநிலத்தில் பயிரிடுவதைக் காட்டிலும் மேட்டில் பயிரிடுவது நன்று என்னும் முடிவுக்கு அக்காட்சியே அவரை இட்டுச் சென்றது. பின்னர் ஹான்ஸ் பேபா என்பவரும் அவருடன் இணைந்து இதனைப் பரப்பினார். ஆஸ்திரிய நாட்டின் சால்ஸ்பர்க் மாநிலத்தில், கடல் மட்டத்திற்கு 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த தம் பெற்றோரின் மலைப் பண்ணையை 1962இல் ஏற்று நடத்தத் தொடங்கிய செப் ஹோல்சர் என்னும் உழவர், குளிர் மிகுந்த அம்மலைச் சரிவுகளில் இத்தகைய மேடுகளை அமைத்து உலகறியச் செய்தார்.

அமைக்கும் முறை

ஜெர்மானியத் தோட்டங்களில் இலையுதிர்காலத்தில் இவ்வேலை தொடங்கும். அப்பொழுதுதான் கிளைகளும் சருகுகளும் மிகுதியாகக் கிடைக்கும். குளிர்காலம் முழுவதும் மேடு அமுங்கி நிலைபெறவும் காலம் கிட்டும். இருபுறமும் வெயில் படுமாறு பாத்தியை வடக்குத் தெற்காக அமைப்பர். அகலம் ஏறத்தாழ ஐந்து முதல் ஆறு அடி. நீளம் அவரவர் இடத்தைப் பொறுத்தது.

முதலில் ஏறத்தாழ ஓரடி ஆழத்துக்கு மண்ணை அகழ்ந்து, மேல்மண்ணைத் தனியே குவித்துக்கொள்ள வேண்டும். குழியின் நடுவில் பருத்த கட்டைகளையும், அவற்றின் மீதும் இடைவெளிகளிலும் சிறு கிளைகளையும் சுள்ளிகளையும் இட வேண்டும். இதுவே மேட்டின் நெஞ்சுப் பகுதி. அடுத்து, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளைப் புல் கீழ்நோக்கி இருக்குமாறு கவிழ்த்து அடுக்க வேண்டும். அதன்மேல் ஈரமான சருகுகள், அதன்மேல் அரைகுறையாக மட்கிய எரு, இறுதியாக நன்கு மட்கிய எருவோடு கலந்த மேல்மண் அரையடிக் கனத்துக்கு அமைய வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் நீர் விட்டு நனைப்பது இன்றியமையாதது. உலர்ந்த கட்டையை அப்படியே புதைத்தால், தனக்கு வேண்டிய நீரைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

கீழிருந்து மேலாக, பருமையிலிருந்து நுண்மைக்குச் செல்வதே இவ்வடுக்கின் இலக்கணமாகும். விரைவில் மட்குவது மேலே, மெல்ல மட்குவது கீழே. இவ்வொழுங்கு மாறினால் நேரும் இடரைப் பின்னர்க் காண்போம்.

மண்ணுக்குள் நிகழ்வது

மரம் பெரும்பாலும் செல்லுலோஸ், லிக்னின் ஆகிய பொருள்களால் ஆனது. இவற்றுள் லிக்னினைச் சிதைக்கும் ஆற்றல் சில வகைப் பூஞ்சைகளுக்கே சிறப்பாக உண்டு. அவற்றின் வெண்ணிற இழைகள் கட்டைக்குள் ஊடுருவி அதனை மெல்ல நெகிழச் செய்கின்றன. நெகிழ்ந்த கட்டை கடற்பஞ்சு போல மழைநீரை ஏற்றுத் தன்னுள் வைத்திருந்து, மண் உலரும்போது வேர்களுக்கு வழங்குகிறது. கட்டை மட்கிச் சுருங்கும்போது தோன்றும் இடைவெளிகளில் காற்று புகுகிறது, மண்புழுக்கள் குடியேறுகின்றன. கொத்தாமலே மண் இளகுகிறது.

ஆயினும் இந்நிகழ்ச்சிக்கு ஒரு விலை உண்டு. மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் உணவாகக் கொள்ளும் பொருளில், ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு வரை கரிமம் இருப்பது அவற்றுக்கு ஏற்ற அளவாகும். மரக்கட்டையிலோ கரிமம் நூற்றுக்கணக்கான பங்குகள் இருக்கும். குறைபடும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள மண்ணிலிருந்து கடனாகப் பெறுகின்றன. கடன் திரும்பி வரும். ஆனால் மட்குதல் முதிர்ந்த பிறகே வரும். அதுவரை செடி பசித்திருக்கும்.

பெருங்கட்டைக்கு அதன் பருமனோடு ஒப்பிட மண்ணைத் தொடும் பரப்புக் குறைவு. ஆதலின் அது சிறிது சிறிதாகக் கடன் வாங்கும். மரத்தூளோ எல்லாப் பக்கமும் மண்ணைத் தொடுவது. ஒரே நாளில் முழுக் கடனையும் கேட்கும். மேலே எருவும் மேல்மண்ணும் இடுவதன் உட்பொருள் இதுவே.

நான் செய்த பிழை

இவ்வுண்மையை நான் நூலறிவாக அல்லாமல் பட்டறிவாகவே பெற்றேன். மரத்தை அறுத்தபோது விழுந்த தூளை வீணாக்கக் கூடாது என்று கருதி, அதனை மேல்மண்ணோடு கலந்து பரப்பினேன். அவ்வாண்டுத் தை மாதத்தில் கத்தரியும் மிளகாயும் நட்டேன். மாசி பிறக்குமுன் இலைகள் வெளிறி மஞ்சளாயின; செடிகள் சாண் உயரத்துக்கு மேல் எழவில்லை. கறையானும் வந்து சேர்ந்தது. “வாப்பாவின் மரத்தைப் புதைத்ததோடு நாற்றையும் அல்லவா புதைத்துவிட்டாய்?” என்று உம்மா கேட்டபோது என்னிடம் விடையில்லை.

தாவரவியல் நண்பர் வந்து பார்த்துக் குறையைச் சுட்டினார். தூள் கலந்த மேல்மண்ணை வழித்தெடுத்து, எருக்குழியில் சாணத்தோடு சேர்த்து மட்கவிட்டேன். பாத்தியின் மேல் புதிய மண்ணும் தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் இட்டேன். முதல் விளைச்சலாகத் தட்டைப்பயற்றை விதைத்தேன். பயற்றினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்த வல்லன. ஆதலின் அச்செடிகள் மண்ணின் வறுமையைத் தாங்கும். அடுத்த பருவமழைக்குப் பின் அப்பாத்தியில் பரங்கிக்கொடி படர்ந்து காய்த்தது. அதன் பின்னரே கத்தரி வந்தது.

நம் நிலத்திற்கு ஏற்ற மாற்றங்கள்

குளிர்நாட்டில் மேடு அமைப்பதன் நோக்கங்கள் இரண்டு: மிகை ஈரம் வடிய வேண்டும், கதிரவன் வெப்பமும், மட்குதலால் பிறக்கும் சிறு வெப்பமும் மண்ணுக்குக் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் வெப்பத்துக்குக் குறைவில்லை, ஈரத்துக்கே குறைவு. செங்குத்தாக எழுப்பிய மேடு நம் சித்திரை வெயிலில் விரைவில் உலர்ந்துவிடும். எனவே வறண்ட நிலத்தில் கட்டைகள் முழுவதும் தரைமட்டத்துக்குக் கீழே அமையுமாறு ஆழமாகப் புதைத்து, மேற்பரப்பைத் தாழ்வாக வைத்து, சருகால் மூடாக்கு இடுவதே தக்கது. மழைநீர் தேங்கும் களிமண் நிலத்தில் மட்டும் ஓரளவு மேடு நன்மை தரும். வெப்பநாட்டில் மரம் விரைவாக மட்குமாதலால், ஐரோப்பியக் கணக்கில் இதன் ஆயுளை அளக்கவும் இயலாது.

இக்கருத்து நமக்கு முற்றிலும் புதிதன்று. தேங்காய் உரிமட்டைகளைத் தென்னை வரிசைகளுக்கு இடையே குழி வெட்டி, குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கிப் புதைப்பதும், அம்மட்டைகள் மழைநீரைப் பிடித்துக் கோடையில் மரத்துக்கு உதவுவதும் தென்னை உழவர் அறிந்தனவே. ஆனால் தென்னையின் அடிமரத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. மட்கும் தென்னங்கட்டை, தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்குப் பிறப்பிடமாகும். தோப்பருகில் அதனை மேலோட்டமாகப் புதைப்பது, மிஞ்சிய மரங்களுக்கும் கேடு தேடுவதாகும்.

தேக்கு போன்று எளிதில் மட்காத மரங்கள் இதற்கு உதவா. முருங்கை, கிளைரிசிடியா முதலியவற்றின் பச்சைக் கிளைகள் மண்ணுக்குள் துளிர்த்துவிடும். காயவைத்த பின்னரே அவற்றைப் புதைக்க வேண்டும். வண்ணம் பூசியதும் மருந்து ஏற்றியதுமான பலகைகளை அறவே தவிர்க்க வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிப் பாத்தி அமைத்தால் கறையான் வீட்டுக்குள் வழி தேடும். தள்ளியே அமைக்க வேண்டும்.

மாற்றுக் கருத்து

இம்முறையை ஐயுறுவோரும் உளர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை அறிஞர் லிண்டா சாக்கர் ஸ்காட், இதன் நன்மைகளாகக் கூறப்படுவனவற்றுக்குப் போதிய ஆய்வுச் சான்றுகள் இல்லை என 2017இல் எழுதினார். மரக்கழிவைப் புதைப்பதினும் துண்டாக்கி மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்புவதே சிறந்தது என்பது அவர் கருத்து. இது புறக்கணிக்கத்தக்கதன்று. சிறு கிளைகளைத் துண்டாக்க வசதி உடையோர் அவ்வாறே செய்யலாம். அவ்வசதியின்றி, பெருங்கட்டைகளோடு செய்வதறியாது நிற்கும் வீட்டாருக்கே மேட்டுப்பாத்தி பெரிதும் உதவும். புதைத்த மரத்தின் கரிமம் என்றென்றும் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதும் மிகையுரை. மட்கும்போது அதன் பெரும்பகுதி காற்றில் கலக்கவே செய்யும். தீயில் ஒரு நாழிகையில் போவது இங்குப் பல ஆண்டுகளில் போகிறது. போகும் வழியில் பயிரையும் வளர்க்கிறது.

முடிவுரை

2023இல் அப்பாத்தியின் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தேன். மேடு பாதியளவுக்குத் தாழ்ந்திருந்தது. மண்வெட்டிக்கு இடங்கொடாத கட்டைகள் விரல் பட்டதும் உதிர்ந்தன. எது மரம், எது மண் எனப் பிரித்தறிய இயலவில்லை. உம்மா ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கூறாமல் கறிவேப்பிலைக் கன்றின் அடியில் இட்டார்கள்.

கல்லூரி வளாகங்களிலும் நம் வீட்டு வாயில்களிலும் சருகும் கிளையும் குவித்து எரிக்கப்படுவதைக் காலைதோறும் காண்கிறோம். அப்புகையில் போவது, மரம் பல்லாண்டுகள் முயன்று ஈட்டிய பொருளாகும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வளாகத்தின் ஒரு மூலையில் ஆறடி நீளத்துக்கு ஒரு பாத்தி அமைத்து, நீரும் விளைச்சலும் எவ்வளவு என ஆண்டுதோறும் குறித்து வரலாம். சான்று போதவில்லை என்று கூறும் அறிஞர்க்கு அதுவே தக்க விடையாக அமையும். ஆனால் மரத்தூளை மட்டும் மேல்மண்ணில் கலந்துவிட வேண்டா. அப்பாடத்தை ஒருவர் படித்தது போதும்.