ஏரிக்கரைக்கு மீன்பிடிக்கப் போறீங்களா? கோடையில் உடையை அடுக்கிப் போடும் கணக்கு

கத்திரி வெயில் நேரத்தில் ‘ரெண்டு மூணு அடுக்கா டிரஸ் பண்ணுங்க’ என்று சொன்னால் சிரிப்பு வரும். அடுக்கடுக்காக உடுத்துவது ஊட்டிக்குப் போகிறவர்கள் செய்கிற வேலை, ஆரணிக்கு எதுக்குங்க என்று கேட்பீர்கள். ஆனால் சனி, ஞாயிறில் தூண்டிலோடு நீர்நிலைப் பக்கம் கிளம்புகிறவர் ஒரே நாளில் மூன்று விதமான வானிலையைப் பார்த்துவிடுகிறார். விடியற்காலை பைக்கில் போகும்போது காற்று ஜிலுஜிலு என்றிருக்கும். பதினொரு மணிக்குத் தலைக்கு மேலே நெருப்பு. மாலை நாலு மணிக்கு ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, இடியோடு கோடை மழை கொட்டும். இந்த மூன்றுக்கும் ஒரே சட்டை போதாது.

குளிர் ஊர்களில் உடம்புச் சூட்டை உள்ளே பிடித்து வைக்க அடுக்குகிறார்கள். நமக்குத் தேவை அதற்கு நேர் எதிர். வெயில் உள்ளே வரக் கூடாது, வியர்வை வெளியே போக வேண்டும், மழை வந்தால் நனையாமல் இருக்க வேண்டும். வேண்டாத அடுக்கை உடனே கழற்றவும் முடிய வேண்டும்.

வெற்றுடம்பு குளிர்ச்சியா?

சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் காற்றாட இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றின் வெப்பம் 30 டிகிரியாக இருந்தால், அதுவும் நிழலில், அது சரிதான். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி செல்சியஸ். சுற்றியிருக்கும் காற்று அதைவிடக் குறைவாக இருக்கும் வரை உடம்பு தன் சூட்டை வெளியே தள்ளும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. அப்போது கணக்கு தலைகீழாகிவிடும். வெற்றுத் தோல் காற்றிலிருந்து சூட்டை வாங்க ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு நேர் வெயிலும் சேர்ந்துகொள்ளும்.

அந்த நேரத்தில் உடம்பைக் காப்பாற்றுவது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால்தான் அந்தப் பலன். சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்த வியர்வையால் உடம்பு குளிராது, தண்ணீரும் உப்பும் நஷ்டமாவதுதான் மிச்சம். தளர்வான ஒரு சட்டை வெயிலைத் தடுத்து, வியர்வையை வாங்கிப் பரப்பி, உள்ளே காற்று ஓடவும் இடம் கொடுக்கிறது. வயலில் வேலை செய்கிறவர்கள் உச்சி வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டுவதற்குக் காரணம் இதுவே.

எந்தத் துணி? நெசவு ஊருக்குத் தெரிந்த பாடம்

புவிசார் குறியீடு பெற்ற பட்டை நெய்கிற ஊரில் துணியைப் பற்றிப் பாடம் எடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் சில எண்களைப் பார்த்துவிடலாம். சாதாரணக் காற்றிலிருந்து ஒரு நூல் எவ்வளவு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதற்கு ஜவுளித் துறையில் ஓர் அளவு உண்டு. பட்டுக்கு அது 11 சதவீதம், பருத்திக்கு 8.5, பாலியஸ்டருக்கு வெறும் 0.4. இதில் முதலிடம் பட்டுக்குத்தான். அதற்காகப் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தூண்டில் போட உட்கார வேண்டாம். வியர்வை உப்பும் வெயிலும் பட்டுக்கு ஜென்மப் பகை. நிறம் மங்கும், இழை பலம் இழக்கும். பட்டு கல்யாண வீட்டுக்கே இருக்கட்டும்.

கரையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குப் பருத்திதான் என் ஓட்டு. நம்முடையது கடற்கரை ஊர் அல்ல, காற்று வறண்டது. பருத்தி வாங்கிய ஈரம் மெல்ல ஆவியாகி, நெடுநேரம் குளிர்ச்சி தரும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கப் போகிறவர்களுக்கும், பைக்கில் நனைந்தபடி திரும்புகிறவர்களுக்கும் அதே பருத்தி தொல்லை. ஈரத்தோடு கனத்து, உடம்போடு ஒட்டி, காயவே காயாது. அவர்களுக்கு கிரிக்கெட் ஜெர்சி மாதிரியான சன்னத் துளையுள்ள பாலியஸ்டர் பரவாயில்லை. மீன் கவிச்சி மட்டும் அதில் இரண்டு துவைப்புக்கும் போகாது!

துணி வாங்கும்போது ஒரு சின்ன சோதனை. சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் இருக்கிற கை தெளிவாகத் தெரிந்தால், புற ஊதாக் கதிரும் தாராளமாக உள்ளே வரும். பாவும் ஊடையும் நெருக்கமாக விழுந்த துணி அதைத் தடுக்கும். அதிக கவுண்ட் நூலில் நெய்த மெல்லிய சட்டை வீட்டில் உடுத்தச் சுகம், நடு வெயிலில் போதாது. நனைந்த வெள்ளைப் பருத்திச் சட்டை காய்ந்த சட்டையைவிடக் கதிரை அதிகமாக உள்ளே விடும் என்பது பலருக்குத் தெரியாத விஷயம். தண்ணீர்ப் பரப்பிலிருந்தும் பத்தில் ஒரு பங்கு வரை கதிர் திரும்பி மேலே வரும். தொப்பி போட்டும் முகவாய் கறுத்துப் போவது அதனால்தான்.

காலையிலிருந்து மாலை வரை

உள்ளே ஒரு பருத்தி பனியன். அதன் மேல் ஒரு சைஸ் பெரிய, காலர் வைத்த முழுக்கைச் சட்டை, வெளிர் நிறத்தில். விடியற்காலைப் பயணத்துக்கு இந்த இரண்டும் போதும். படவேடு பக்கம் செண்பகத்தோப்பு அணை வரைக்கும், அல்லது திருவண்ணாமலை தாண்டிச் சாத்தனூர் வரைக்கும் போகிறவர்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறுகிறவர்கள் மட்டும் மெல்லிய ஜெர்கின் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குறையும், மலையில் இரவு தங்கினால் அது உறைக்கும்.

வெயில் ஏறினதும் பனியனைக் கழற்றிவிட்டுச் சட்டையை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பலர் இதைத் திருப்பிச் செய்கிறார்கள். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பனியனோடு உட்கார்கிறார்கள். தோளும் கழுத்தும் வெந்துபோவது அப்படித்தான்.

தலைக்குக் கிரிக்கெட் தொப்பி போதாது, காதும் பிடரியும் வெளியே நிற்கும். சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி நல்லது. இல்லாவிட்டால் நம்ம ஈரிழைத் துண்டு. ஈரத் துண்டைப் பிடரியில் போட்டுக்கொண்டால் கிடைக்கிற குளிர்ச்சிக்கு விலையே கிடையாது. காய்ந்ததும் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள்.

காலுக்குப் பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு. சீமைக் கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும் இல்லாத கரை இப்போது அபூர்வம். காலில் காயத்தோடு தேங்கிய தண்ணீரில் நின்றால் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். புண் இருந்தால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்காமல் இருப்பதே நல்லது.

மழைக்கு மெல்லிய ரெயின்கோட் ஒன்றை மடித்துப் பையில் வைத்தால் போதும். கூடவே மாற்றுச் சட்டை ஒன்று, பிளாஸ்டிக் கவரில் சுற்றி.

லுங்கியா, ஜீன்ஸா?

கரையில் உட்கார லுங்கியை அடிக்க ஆள் இல்லை. காற்று அப்படிப் போகும். ஆனால் பரிசலில் ஏறும்போதும் தண்ணீரில் இறங்கும்போதும் லுங்கி வேண்டாம். நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும், நீந்தத் தெரிந்தவரையும் கட்டிப்போடும். புடவைக்கும், பின் குத்தாத துப்பட்டாவுக்கும் இதே எச்சரிக்கைதான். ஜீன்ஸ் இரண்டு பக்கமும் தோல்வி. வெயிலில் புழுங்கும், தண்ணீரில் கல்லைப்போல் கனக்கும். முழங்காலுக்குக் கீழே வரும் தளர்வான அரைக்கால் டவுசர் அல்லது மெல்லிய டிராக் பேன்ட் போதும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஏரிகளில் வண்டல் மண் எடுத்த இடங்கள் உண்டு. கரையோரம் முழங்கால் ஆழம் இருக்கும், இரண்டு எட்டு வைத்தால் ஆள் ஆழக் குழி. கலங்கிய தண்ணீரில் மேலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. முள்ளில் மாட்டிய தக்கையை எடுக்கிறேன் என்று ஒருவர் இறங்க, அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிக்க, இரண்டு பேருமே போன செய்திகளை ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் படிக்கிறோம்.

பரிசலோ படகோ ஏறினால், எல்லா உடைக்கும் மேலே கடைசி அடுக்கு லைஃப் ஜாக்கெட். ‘புழுக்கமா இருக்கு’ என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்வதில் பயனில்லை. பிள்ளைகளுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போடுங்கள். நீலமும் சாம்பல் நிறமும் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது.

கிளம்பும் முன் கைப்பேசியில்

முந்தின நாள் இரவே ‘டிஎன்-அலர்ட்’ செயலியைத் திறந்து பாருங்கள். உங்கள் பகுதியின் வானிலை முன்னறிவிப்பும், நீர்த்தேக்கங்களின் நீர் அளவும் தமிழிலேயே இருக்கும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் ‘மௌசம்’ செயலியும் உதவும். சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் வெப்ப அலை என்கிறார்கள். அப்படி அறிவிப்பு வந்த வாரம் மீன் இருக்கட்டும், பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை கரையில் இருக்காதீர்கள்.

கோடை இடி மழைக்கு ‘தாமினி’ செயலி. நீங்கள் நிற்கிற இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டரில் மின்னல் விழுவதைக் காட்டும். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடி வேண்டாம். இப்போது கடைகளில் விற்கும் கார்பன் தூண்டில் கழிகள் மின்சாரத்தைக் கடத்தும். மேலே மின்கம்பி போகிற இடத்தில் அதை வீசவே கூடாது. கம்பி அறுந்து தொங்குவதைப் பார்த்தால் மின்னகம் எண் 94987 94987.

ஊர் ஏரி என்றால் மீன்பாசி குத்தகை யாருக்கு என்று விசாரித்து, கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள். சாத்தனூர் போன்ற நீர்த்தேக்கங்களில் மீன்வளத் துறையினரிடம் அனுமதி பற்றிக் கேளுங்கள். அங்கே முதலைப் பண்ணையே இருக்கிறது, குளிக்க இறங்குவதற்கு முன் அறிவிப்புப் பலகையையும் படித்துவிடுங்கள்.

கூட வந்தவர் தள்ளாடினால்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்கு அழைத்துப்போய், ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்புப் போட்ட மோரோ கொடுங்கள். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு, உயிருக்கு ஆபத்து. உடனே 108-க்கு அழையுங்கள். வண்டி வரும் வரை சும்மா நிற்காமல் மேல் உடையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, துண்டால் விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதனால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அறை எண் 1070. இரண்டையும் இப்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள், ஏரிக்கரையில் எல்லா இடத்திலும் இணையம் கிடைக்காது.