புள்ளியும் ஒலியும்

தமிழகத்தின் வட எல்லையில், ஆந்திர நாட்டை அடுத்து விளங்குவது திருத்தணி. முருகப் பெருமானின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய இத்தலத்தில் மலைமேல் உள்ள கோயிலுக்கு 365 படிகள் உள்ளன. அவை ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்பர். விடியற்காலையில் அடிவாரத் தெருக்களில் பெண்கள் வாயில் தெளித்துக் கோலமிடுவர். தமிழர் கோலம் என்பதைத் தெலுங்கு மக்கள் முக்கு என்பர். பெயர் இரண்டாயினும் முறை ஒன்றே; முதலில் புள்ளிகளை வைத்து, பின்னர் அவற்றைச் சார்ந்து கோடுகளை இழுப்பர். ஒரு பிடி மாவும் சில புள்ளிகளும் கொண்டு தாமரையும் மயிலும் தேரும் தோன்றச் செய்யும் இக்கலைக்கும், திரையில் ஆடும் கணினி விளையாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

கணினித் திரையில் தோன்றும் படம் யாவும் புள்ளிகளால் ஆனதே. இன்றைய திரைகளில் அப்புள்ளிகள் மிகச் செறிந்திருத்தலின் அவை தனித்தனியே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. முற்காலத் திரை விளையாட்டுகளின் நிலை வேறு. 1983-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்னும் விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. அது காட்டும் படத்தில் குறுக்கே 256 புள்ளிகளும் நெடுக்கே 240 புள்ளிகளுமே உண்டு. அத்தகைய பொறிகளின் எல்லைகளைத் தாமே விரும்பி ஏற்று, பழைய பாணியில் புதிய விளையாட்டுகளை ஓய்வு நேரத்தில் ஆக்கி மகிழ்வோர் இன்று உலகின் பல நாடுகளில் உள்ளனர். படமும் இசையும் ஆக்குவதே அவர்களுடைய பணியில் பெரும் பகுதியாகும்.

அப்பணியின் அருமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். கணினி தன் நினைவகத்தைப் பைட்டு என்னும் அளவையால் அளக்கும். ஃபேமிகாம் திரை ஒன்றை முழுவதும் நான்கு நிறங்களில் புள்ளி புள்ளியாக வரைந்து வைக்க 15,360 பைட்டுகள் வேண்டும். அதன் தொடக்க கால விளையாட்டுகளில் படங்களுக்கென ஒதுக்கப்பட்ட இடமோ 8,192 பைட்டுகளே. ஒரு படத்துக்கே போதாத இடத்தில் ஒரு விளையாட்டின் படங்கள் அனைத்தையும் அடக்கியது எங்ஙனம்?

பக்கத்துக்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களை அவர்கள் அமைத்துக் கொண்டனர். தரையில் ஓடு பதிப்பது போல அச்சதுரங்களைத் திரையில் பதித்தனர். ஓர் ஓட்டுக்கு 16 பைட்டுகள். ஆக 512 ஓடுகள் கிடைத்தன. அவற்றையே திரும்பத் திரும்ப வைத்து மலையும் மதிலும் கடலும் ஆக்கினர். 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டில் வானத்து மேகமும் நிலத்துப் புதரும் ஒரே வடிவம். வெண்ணிறம் பெற்று மேலே நின்றால் அது மேகம்; பச்சை நிறம் பெற்றுக் கீழே நின்றால் அதுவே புதர். ஆடுவோருள் பலர் இதனைக் கண்டறிந்ததில்லை.

சிறு வடிவத்தை முறைப்படி அடுக்கிப் பெருவடிவம் ஆக்குவது கோலத்தின் இயல்பும் ஆகும். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974-ஆம் ஆண்டில் கோலம் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம் என்றும், சில விதிகளிலிருந்து கோலங்கள் விரிந்து வளரும் என்றும் அவர்கள் காட்டினர். வாயிலில் இடும் கோலம் இவ்வாறு கணினி அறிவியலில் இடம் பெற்றது.

திருத்தணியையே களமாகக் கொண்டு ஒரு மாணவன் விளையாட்டு ஒன்றை ஆக்க விரும்பினால், படங்களைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கட்டமிட்ட தாளும் வண்ணப் பென்சிலும் போதும். படி ஒன்றுக்கு ஓர் ஓடு வரைந்தால் 365 படிகளும் அமைந்துவிடும். மயிலைப் பக்கத்துக்கு 16 கட்டங்களில் வரையலாம். ஃபேமிகாம் முறைப்படி நடமாடும் உருவின் ஓர் ஓட்டுக்கு மூன்று நிறங்களே உண்டு. கழுத்துக்கு நீலம், தோகைக்குப் பச்சை, கண்ணுக்கும் ஓரத்துக்கும் கருமை என அவற்றைப் பங்கிடலாம். தோகையின் கண்கள் அனைத்தையும் வரைய இடம் இராது. கொண்டையும் வளைந்த கழுத்தும் நீண்ட தோகையும் தெளிவாக அமைந்தால், காண்பவர் மனம் எஞ்சியதை நிரப்பிக் கொள்ளும். எதனை விடுவது என்று அறிவதே இக்கலையின் முதற்பாடம்.

ஒலியிலும் இதே சிக்கனம் உண்டு. ஃபேமிகாம் ஒரே நேரத்தில் ஐந்து குரல்களை எழுப்பும். அவற்றைக் கோயில் மேளத்தோடு ஒப்பிடலாம். கூர்மையாக ஒலிக்கும் இரண்டு சதுர அலைக் குரல்கள் இரண்டு நாகசுரங்களாக நின்று பாட்டை நடத்தும். மென்மையான முக்கோண அலைக் குரலுக்கு ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை. அது ஒத்துப் போலச் சுருதி காக்கும். இரைச்சல் குரல் தாளம் தட்டும். பதிந்து வைத்த சிற்றோசையை எழுப்பும் ஐந்தாம் குரல் தவிலாகும். முத்துசாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைத் திருத்தணியில் இயற்றினார் என்பது மரபு. அது அமைந்த மாயாமாளவகௌளை இராகமே இசை பயிலத் தொடங்குவோர் முதலில் கற்பது. அதன் ஏழு சுரங்களைக் கொண்டு விளையாட்டுக்கு உரிய மெட்டுகளை மாணவனே அமைக்கலாம்.

எல்லாவற்றையும் ஒருவரே ஆக்குதல் அரிது; பிறர் ஆக்கியவற்றைத் தேடிப் பெறுதலும் உண்டு. 2005-இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரில் தொடங்கிய 'ஃப்ரீசவுண்ட்' ஒலிகளையும், 2009-இல் தொடங்கிய 'ஓப்பன் கேம் ஆர்ட்' படங்களையும் இசையையும் இணைய வழியே இலவசமாக வழங்குகின்றன. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிம விதி உண்டு. ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது ஒன்று. விற்பனைக்குப் பயன்படுத்தலாகாது என்பது மற்றொன்று. எவ்வாறும் பயன்படுத்தலாம் என்பது வேறொன்று. விதியைப் படித்த பின்னரே பொருளை எடுத்தல் வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதன்படி ஒருவர் இயற்றிய பாடலின் உரிமை பொதுவாக அவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும். தீட்சிதர் மறைந்தது 1835-இல். அவருடைய கீர்த்தனைகள் இன்று பொதுவுடைமை. ஆனால், அண்மையில் ஒருவர் அவற்றைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு பொதுவுடைமை அன்று. பாடல் பழையது என்று கருதி அப்பதிவை உரிமையின்றி எடுத்துச் சேர்ப்பது பிறர் உழைப்பைக் கவர்வதாகும். பழைய விளையாட்டுகளின் உருவங்களும் அத்தகையனவே. பாணியைக் கற்றுக் கொள்ளலாம்; உருவத்தை எடுத்துக் கொள்ளலாகாது. அண்டை வீட்டுக் கோலத்தைக் கண்டு பழகுதல் குற்றமன்று; அதனைத் தான் இட்டதாகக் கூறுவதே குற்றம்.

ஃபேமிகாம் பொறியின் உற்பத்தி 2003-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. அது வளர்த்த புள்ளிக் கலையோ நின்றுவிடவில்லை. நண்பகலுக்குள் காலடியில் கலைந்து போகும் கோலம் மறுநாள் விடியலில் மீண்டும் வாயிலில் மலர்கின்றது. அதுபோல, சிறிய இடத்தையும் சில நிறங்களையும் குறையெனக் கருதாது, தம் கையால் ஒன்றை ஆக்க முனைவோர் உள்ளவரை இக்கலையும் வாழும்.