மறுக்கப்பட்ட களம்

நுழையும்முன்

வெற்றியும் தோல்வியும் ஆடுகளத்தில் முடிவாகின்றன. அக்களத்தில் கால்பதிக்கும் உரிமையோ களத்திற்கு வெளியே முடிவாகிறது. ஆயிரக்கணக்கான மக்களைத் தம் ஆட்டத்தால் ஈர்த்த பெண்கள் அணி ஒன்றுக்கு விளையாட இடமே இல்லாமற்போன வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

தொழிற்சாலையில் பிறந்த அணி

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள நகரம் பிரஸ்டன். அங்கு டிராம் வண்டிகளுக்கான பொருள்களைச் செய்துவந்த டிக் கெர் நிறுவனம், முதல் உலகப்போரின்போது போர்த்தளவாடங்களை உருவாக்கத் தொடங்கியது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றமையால் அவர்களுடைய இடங்களில் பெண்கள் பணியமர்ந்தனர். ஓய்வு வேளைகளில் தொழிற்சாலை முற்றத்தில் பந்தை உதைத்து மகிழ்ந்த அவர்களிடமிருந்தே 1917ஆம் ஆண்டு 'டிக் கெர் மகளிர் அணி' உருவானது. அலுவலகப் பணியாளரான ஆல்பிரட் பிராங்க்லேண்ட் அதன் மேலாளராகப் பொறுப்பேற்றார்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, பிரஸ்டனின் டீப்டேல் விளையாட்டரங்கில், மற்றொரு தொழிற்சாலையின் பெண்கள் அணியை அவர்கள் 4-0 என்ற கணக்கில் வென்றனர். ஏறத்தாழ 10,000 பேர் அதனைக் கண்டுகளித்தனர். திரட்டப்பட்ட நிதி, காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனைக்கு வழங்கப்பட்டது. அறப்பணிக்காக ஆடுவதே அவ்வணியின் அடையாளமாயிற்று.

பெருகிய புகழ்

போர் முடிந்தபின்னும் ஆட்டம் ஓயவில்லை. 1920ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் பெண்கள் அணி இங்கிலாந்துக்கு வந்து இவர்களுடன் ஆடியது. பின்னர் இவர்களும் பிரான்சுக்குச் சென்று ஆடித் திரும்பினர். அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள், லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் அரங்கில் செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் அணியை எதிர்த்து ஆடியபோது 53,000 பேர் அரங்கை நிறைத்தனர். இடமின்றி வெளியே நின்றோர் மேலும் பல்லாயிரவர். அன்று திரண்ட நிதி 3,000 பவுண்டுக்கும் மிகுதி.

தெரிந்து தெளிவோம்

லில்லி பார் (1905-1978): செயின்ட் ஹெலன்ஸில் பிறந்தவர். பதின்பருவத்திலேயே டிக் கெர் அணியில் சேர்ந்த இடப்புற முன்கள வீராங்கனை. வலிமைமிக்க உதைக்குப் புகழ்பெற்ற இவர், 1951 வரை ஆடி 900க்கும் மேற்பட்ட கோல்களை அடித்தார் என்பர். மருத்துவமனைச் செவிலியராகவும் பணியாற்றினார். 2002இல் இங்கிலாந்துக் கால்பந்துப் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண் இவரே.

தடையும் அதன் தன்மையும்

1921ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்குப் பொருத்தமற்றது என்றும், அறப்பணிக்கெனத் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி செலவுகளுக்குப் போகிறது என்றும் அது காரணம் கூறியது. போர்க்காலத்தில் பெண்களின் உழைப்பைப் போற்றிய சமூகம், போர் முடிந்ததும் அவர்கள் வீட்டிற்கே திரும்ப வேண்டுமென விரும்பிய காலம் அது. வேலையிழந்து தவித்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காக 1921இல் பெண்கள் அணிகள் நிதி திரட்டியதும் சிலருக்கு உவப்பாக இல்லை.

பெண்கள் பந்தைத் தொடக்கூடாது என்று சங்கம் நேரடியாகக் கூறவில்லை. தன் உறுப்பினர் கழகங்கள் பெண்களுக்கு மைதானங்களை அளிக்கக்கூடாது என்றே ஆணையிட்டது. பெரிய கால்பந்து அரங்குகள் பெரும்பாலும் அக்கழகங்களிடமே இருந்தன. நுழைவுச்சீட்டு விற்கவும் மக்கள் அமர்ந்து காணவும் அவற்றைப்போன்ற வேறு இடங்கள் அரிதாகவே கிடைத்தன. ஆட்டத்தைத் தடுக்காமல் இடத்தை மட்டும் மறுத்ததே அத்தடையின் வலிமை. அரங்கு இல்லையேல் கூட்டமில்லை. கூட்டமில்லையேல் வருவாயும் இல்லை. காலப்போக்கில் நினைவும் இல்லை.

தளராத கால்கள்

பல அணிகள் கலைந்தன. டிக் கெர் அணியோ பூங்காக்களிலும் பிற விளையாட்டுகளுக்குரிய திடல்களிலும் ஆடியது. 1922இல் வட அமெரிக்கா சென்றபோது, கனடாவில் ஆட இசைவு மறுக்கப்பட்டது. எனினும் அமெரிக்காவில் ஆண்கள் அணிகளையே எதிர்கொண்டு சிலவற்றில் வென்றது. 1926இல் 'பிரஸ்டன் மகளிர் அணி' எனப் பெயர்மாறிய அவ்வணி, 800க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் பங்கேற்று 750க்கும் மேற்பட்டவற்றில் வெற்றி கண்டது. ஆடுவதற்குப் புதியவர் கிடைக்காமையால் 1965இல் கலைந்தது.

திறந்த கதவு

1971ஆம் ஆண்டில்தான் தடை முறையாக நீங்கியது. அணி கலைந்து அப்போது ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. 2008இல் அச்சங்கமே தன் செயலுக்கு மன்னிப்புக் கோரியது. 2022ஆம் ஆண்டு வெம்பிளி அரங்கில் நடைபெற்ற ஐரோப்பிய மகளிர் கால்பந்து இறுதிப்போட்டியை 87,192 பேர் நேரில் கண்டனர்.

பெண்கள் ஆட்டத்தைக் காண மக்கள் வருவதில்லை என்னும் கூற்றுக்கு 1920ஆம் ஆண்டே விடையளித்துவிட்டது. மக்கள் வந்தார்கள், அவர்கள் வரும் வழிதான் அடைக்கப்பட்டது. ஒரு துறையில் ஒருவரைக் காணவில்லை என்றால், அவருக்குத் திறமை இல்லையா, களம் இல்லையா என்று கேட்பதே முறையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி விளையாட்டுத்திடலை மாணவரும் மாணவியரும் பயன்படுத்தும் நேரத்தை ஒரு வாரம் கணக்கிட்டு, வகுப்பில் கலந்துரையாடுக.
2. 'ஆட்டத்தைத் தடுக்காமல் இடத்தை மறுத்தல்' – இதனை ஒத்த சூழல் ஒன்றை வேறொரு துறையிலிருந்து எடுத்துக்காட்டி ஒரு பத்தி எழுதுக.