போனக்காட்டுப் பேய் வீடியோவில் ஓடும் பாட்டு யூடியூபுக்கு எப்படித் தெரிகிறது?

திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பாழடைந்த பங்களா ஒன்று உண்டு. பேய் உலவுவதாகப் பேச்சு. வீடியோ எடுக்கிறவர்களுக்கு அது போதாதா?

பின்னணியில் கொஞ்சம் சினிமா இசையைச் சேர்த்து யூடியூபில் ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் காப்புரிமை அறிவிப்பு வந்து நிற்கும். யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. 2007 முதல் இயங்கும் ‘கன்டென்ட் ஐடி’ என்ற தானியங்கி அமைப்பு செய்த வேலை அது.

எப்படி? போனக்காட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பனி இறங்கினால் அடிவாரம் மறைந்துவிடும். ஆனாலும் மேலே தெரியும் முகடுகளின் வரிசையைப் பார்த்தே, பழகியவர்கள் அகத்தியர்கூட மலை எது என்று சொல்லிவிடுவார்கள்.

பாட்டிலும் ஒவ்வொரு கணமும் ஓங்கி ஒலிக்கும் சுருதிகள் உண்டு. அவைதான் முகடுகள். உங்கள் பேச்சு, காற்றிரைச்சல் எல்லாம் பனி. எந்த முகட்டுக்குப் பின் எது, எவ்வளவு நேரம் கழித்து என்பதை இத்தகைய அமைப்பு பொதுவாக எண்களாக்கி, உரிமையாளர் முன்பே கொடுத்துவைத்த பாட்டின் எண்களோடு ஒப்பிடுகிறது. வரிசை பொருந்தினால் பிடிபட்டீர்கள்!

 

பிறகு உரிமையாளர் முடிவு: வீடியோவை முடக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், சும்மா கண்காணிக்கலாம். தவறாகப் பிடித்துவிட்டது என்று நினைத்தால் மறுப்புத் தெரிவியுங்கள். பதில் சொல்ல அவருக்கு 30 நாள் அவகாசம்.