விண்டேஜ் என்னும் சொல்

சென்ற தை மாதத்தில், என் வட்டத்தைச் சேர்ந்த குடியானவர் ஒருவர் தக்காளி விதைப் பொட்டலம் ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். அதன்மேல் ‘விண்டேஜ்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. “பழசாக ஆக மதிப்பு ஏறும் சரக்கு என்று கடைக்காரர் சொன்னார், ஐயா” என்று கூறி, வழக்கத்தினும் இருமடங்கு விலை கொடுத்ததாகத் தெரிவித்தார். இச்சொல் சந்தையில் பலவிதமாக வழங்குவதால், அதன் பிறப்பை ஈண்டுச் சிறிது ஆராய்வது நன்று.

லத்தீன் மொழியில் ‘வினும்’ என்பது திராட்சை மது. ‘தேமெரே’ என்பது எடுத்தல். இவ்விரண்டும் கூடி ‘விந்தேமியா’, அதாவது திராட்சைப் பறிப்பு, என்றாயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தபின், மது வணிகரைக் குறிக்கும் ‘விண்ட்னர்’ என்ற சொல்லின் சாயல் ஏறி ‘விண்டேஜ்’ என மாறிற்று. 1793-ல் பிரெஞ்சுப் புரட்சியாளர் வகுத்த புதுப் பஞ்சாங்கத்திலும், பறிப்புக் காலமாகிய முதல் மாதத்துக்கு ‘வாந்தெமியேர்’ என்றே பெயரிட்டனர்.

ஆக, பிறப்பில் இது அறுவடைச் சொல். மதுப்புட்டியின்மேல் காணும் விண்டேஜ் வருஷம் பழம் பறித்த வருஷமே. புட்டியில் அடைத்த வருஷமன்று. பிரான்சில் போஜொலே பிரதேசத்துப் புது மது, பறித்த அவ்வாண்டு நவம்பரிலேயே விற்பனைக்கு வருகிறது. அதற்கும் விண்டேஜ் உண்டு. மழையும் வெயிலும் ஆண்டுக்காண்டு மாறுவதால் வருஷத்தைக் குறிப்பது அவசியமாயிற்று. 1956 பிப்ரவரியில் போர்தோ பிரதேசத்தில் கடுங்குளிர் தாக்கி ஏராளமான கொடிகளை மாய்த்தது; 1961-லோ, விளைவு குறைந்தும் மது மிகச் சிறந்திருந்தது. போர்ச்சுகல் தேசத்துப் போர்ட் மது வணிகர் சிறந்த ஆண்டுகளை மட்டுமே விண்டேஜ் என அறிவிப்பர். ஷாம்பேனில் பல ஆண்டு மதுக்களைக் கலப்பதே பெருவழக்கு. அப்புட்டிகளில் வருஷம் இராது.

நல்லாண்டு மதுவைச் சேமித்து வைக்கும் வழக்கத்தால், சொல்லுக்குப் பழமையும் சிறப்பும் பொருளாக ஒட்டிக்கொண்டன. இங்கிலாந்தில் 1934-ல் தோன்றிய மோட்டார் சங்கம் ஒன்றின் கணக்கில், 1930 முடியச் செய்த பழைய வண்டிகளே விண்டேஜ். துணி, கைக்கடிகாரம், நாற்காலி எல்லாம் பின்னர் வந்து சேர்ந்தன.

விதை உயிருள்ள பொருள். வெப்பமும் ஈரமும் பட வைத்திருந்தால் அதன் முளைப்புத்திறன் நாளுக்குநாள் குன்றும். வெங்காய விதை வெகு விரைவில் கெடும். தக்காளியில் 100-க்கு 70 முளைக்கவேண்டும் என்பது சர்க்கார் விதித்த அளவு. அவர் கொணர்ந்த விதையில் 100 எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். பதினான்காம் நாள் பார்த்ததில் முளைத்தவை 19. பொட்டலத்தின் பின்புறம், பரிசோதனைத் தேதியின்மேல் தனிச்சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. நனைத்து உரித்தபோது, அடியில் மூன்று வருஷத்துக்கு முந்திய தேதி தெரிந்தது. பொட்டலத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு இருவரும் விதை ஆய்வாளரிடம் சென்றோம்.