கறிவேப்பிலை மரத்துச் சித்திரம்

சென்ற மாரியில் என் மகள் பாடசாலைச் சித்திரப் போட்டிக்காக வண்ணத்துப்பூச்சி ஒன்றைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நீலமும் செம்மஞ்சளுமாகச் சிறகுகள். கீழே, அவள் கண்ணாற் கண்டிராத ஏதோ குளிர்நாட்டுப் பூ. "இது எந்த ஊர்ப் பூச்சி?" என்று கேட்டேன். "சித்திரப் புத்தகத்துப் பூச்சி, அப்பா" என்றாள். பதிலிற் பொய்யில்லை.

அவ்வேளை எனக்குப் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் நினைவு வந்தது. 1823ஆம் ஆண்டில் அங்கே சித்திரக்காரராக அமர்ந்தவர் ஹர்மானிஸ் டி அல்விஸ் என்னும் சிங்களவர். 38 ஆண்டுகள் செடிகொடிகளையே தீட்டினார். இலையேயின்றி, பச்சை வேர்களால் மரக்கிளையைப் பற்றி வாழும் மிகச் சிறிய ஓர்க்கிட் செடியொன்று தாவர நூல்களில் இன்றும் அல்விஸ் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பெருமலர் ஒன்றுக்கு அப்பெயரைச் சூட்டியிருக்கலாமே என்று முதலில் எண்ணினேன். ஆனால் உற்று நோக்காதவர் கண்ணுக்குப் புலப்படாத அச்செடியே, உற்று நோக்குதலைத் தொழிலாகக் கொண்டவருக்குப் பொருத்தம்.

அக்குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம், ஜோர்ஜ் என்போர், பூங்காவின் தலைவர் துவெயிட்சின் மேற்பார்வையில் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் தீட்டினர். 1880 முதல் 1887 வரை இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த பெருநூலுக்கு அச்சித்திரங்களே ஆதாரமாயின. நூலின் முகப்பில் இருப்பதோ அதனை எழுதிய பிரடெரிக் மூரின் பெயர்!

ஊசியிற் குத்திய பூச்சியைப் பார்த்துத் தீட்டுவது அக்காலத்துப் பெருவழக்கு. பேராதனைச் சித்திரக்காரரோ பல பூச்சிகளுக்குப் புழுவையும், கூட்டுப்புழுவையும், அது உண்ணும் இலையையும் சேர்த்துத் தீட்டினர். இறந்த பூச்சி அசையாது; எத்தனை நாளும் காத்திருக்கும். உயிருள்ள புழுவுக்காகச் சித்திரக்காரனே காத்திருத்தல் வேண்டும்.

இதனை மகளுக்குச் சொல்லி, கோடிப்புறத்துக் கறிவேப்பிலை மரத்தடிக்கு அழைத்துச் சென்றேன். இலைமீது பறவை எச்சம் போலக் கிடந்தவை மூன்று. எச்சமல்ல, புழுக்கள்! கொப்போடு முறித்துப் பெரிய போத்தலொன்றில் வைத்து, வாயை மெல்லிய துணியாற் கட்டினோம். நாள்தோறும் புதிய இலை. நாள்தோறும் ஒரு படம். சில நாளில் எச்சத்தின் நிறம் மாறிப் பச்சையாயின. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கொம்பிரண்டை நீட்டி, மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றத்தைப் பரப்பின. நாற்றத்தை எவ்வாறு தீட்டுவது என்பது அவளுடைய பெரிய கவலை.

பின்னர், இடுப்பிற் கயிறு கட்டிக் கம்பத்திற் சாய்ந்து வேலை செய்பவனைப் போல, நூலொன்றை இடையிற் பூட்டிக்கொண்டு மூன்றும் கூட்டுப்புழுக்களாயின. பச்சை இலையருகே இருந்தவை இரண்டும் பச்சை. காய்ந்த குச்சியிற் சாய்ந்தது மண்ணிறம்.

ஒருநாட் காலையில் அழுகுரல் கேட்டது. மண்ணிறக் கூட்டில் ஊசித் துளையொன்று. அதனூடாகக் கடுகிலும் சிறிய குளவிகள் வரிசையாக வெளிவந்துகொண்டிருந்தன. தாய்க்குளவி எப்போதோ அதனுள் முட்டையிட்டிருக்கின்றது. "என் பூச்சியைத் தின்றுவிட்டன" என்று தேம்பினாள். எனக்கும் ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. மாலையில் அவளே பென்சிலைக் கூர்மையாக்கிக்கொண்டு வந்து அமர்ந்தாள்.

மற்றைய இரண்டும் பிழைத்தன. ஒன்று வெண்பட்டி போட்ட கரும்பூச்சி. மற்றதன் பின்சிறகிலோ செந்நிறத் திட்டுகள்! வேறு இனமென்று அவள் வாதாடினாள். அல்ல, ஒரே இனத்துப் பெண்பூச்சிகளிற் சில, ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடிகளை உண்டு நஞ்சேறிய வேறொரு வண்ணத்துப்பூச்சியின் வேடத்தைப் பூண்டவை. நஞ்சென்று அஞ்சிப் பறவைகள் விலகும். ஒரே மரத்திற் பார்த்திராவிடின் நானும் மகளின் கட்சியே.

போட்டிக்குச் சென்ற சித்திரத்தில் அரித்த இலைகள், எச்சம் போன்ற புழு, இரண்டு பூச்சிகள், ஓரத்தில் துளைவிழுந்த கூடு, குளவிகள் யாவும் இருந்தன. பரிசு கிடைக்கவில்லை. ஓட்டையில்லாத இலைகளாகத் தீட்டியிருந்தால் அழகாயிருக்கும் என்பது நடுவர் ஒருவரின் கருத்து.

சித்திரம் இப்போது எங்கள் சமையலறைச் சுவரில் இருக்கின்றது. இரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கச் செல்லும் என் மனைவி, ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்த பின்னரே பறிக்கின்றாள்.