யாருக்காகப் பதிவிடுகிறோம்?

வாட்டர்கலரில் படம் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறவள் நான். தாள் காய்வதற்குள் கை போனைத் தேடும். ஈரத்தில் நீலம் அடர்த்தியாகத் தெரியும்; காய்ந்தால் வெளிறிவிடும். அந்த அவசரம் படத்துக்காகவா, பார்ப்பவர்களுக்காகவா?

அமெரிக்க உளவியலாளர் தெரசா அமபிலே 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 72 எழுத்தாளர்கள். எழுதும் இன்பம் சார்ந்த காரணங்களைச் சிலரிடம் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொன்னார். வேறு சிலருக்குப் பணம், புகழ் போன்ற காரணங்கள். சில நிமிட வேலைதான். பிறகு எல்லோரும் ஹைக்கூ எழுதினார்கள். பணத்தையும் புகழையும் நினைத்தவர்களின் கவிதைகளில் படைப்பாற்றல் குறைவு என்று மதிப்பிட்டார்கள் நடுவர்கள்.

அதற்காகப் புகழாசையே கூடாது என்பதில்லை. நாலு பேர் பார்க்கத்தானே வாசலில் கோலம் போடுகிறோம்! ஆனால் என்ன வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். குறை கேட்க வேண்டுமென்றால், ஓவியம் தெரிந்த இரண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதே மேல். ஆர்டர் வேண்டுமென்றால் அளவையும் விலையையும் எழுதுங்கள், "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டால் ஹார்ட்டின்தான் வரும். பாராட்டு மட்டும் போதுமா? அதிலும் வெட்கமில்லை.

லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021இல் எல்லோருக்கும் கொடுத்தது. நம்முடையது பிறர் கண்ணிலும், பிறருடையது நம் கண்ணிலும் படாது. ஒரு மாதம் மறைத்து வைத்துப் பாருங்கள். அப்போதும் படம் போடத் தோன்றினால் தாராளமாகப் போடுங்கள்.